கார்டுக்கு முன்னால் கரண்ட்

"இருபதாயிரத்துக்குள்ள நல்ல கிராபிக்ஸ் கார்டு எதுண்ணே?" பெரம்பலூரிலும் அரியலூரிலும் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் பொறியியல் மாணவராக இருக்கலாம், கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரராக இருக்கலாம், விடுமுறையில் வேலரன்ட் ஆடக் காத்திருக்கும் பிளஸ் டூ பையனாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே கார்டின் பெயரைச் சொல்லிவிட மாட்டார். "சிபியுல என்ன எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கீங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தப் பெட்டி, கேபினெட்டோடு சேர்ந்து வந்த ஏதோ ஒன்றாக உள்ளே இருக்கும்.

அந்த ஏதோ ஒன்றில்தான் முழுப் பணமும் தொங்குகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வீடியோ போடுபவர்கள் எந்தக் கார்டில் எந்த கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்து மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும்போது வேப்பந்தட்டைப் பக்கம் மின்விளக்கு மங்குவதும், சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோர வீட்டில் காலையில் துடைத்த மேசை மதியத்துக்குள் வெளுத்துப் போவதும் அவர்களுடைய கணக்கில் வராது. இந்த இரண்டு மாவட்டங்களில் கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யும் வரிசை சுவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எர்த், அடுத்து எஸ்எம்பிஎஸ், அதற்குப் பிறகுதான் கார்டு.

கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலையைப் பார்த்தால் அது ஏன் இவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பது விளங்கும். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 முறை படம் மாறினால் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு நொடியும் கணக்கிட்டாக வேண்டும். ஒவ்வொன்றும் சின்னக் கணக்குதான், ஆனால் எண்ணிக்கை மலைக்க வைக்கும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தாள் அறுத்துத் தரம் பிரிக்கும் களத்தில், எவ்வளவு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையாக இருந்தாலும் தனியாளாக உட்கார்ந்தால் மூட்டை தீராது. வரிசையாக உட்கார்ந்த நூறு பேரால்தான் முடியும். கம்ப்யூட்டரின் பிராசசர் அந்தக் கணக்குப்பிள்ளை, கிராபிக்ஸ் சிப் அந்த வரிசை. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 896 கணக்கீட்டு அலகுகள் உண்டு. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-இல் 3,072. கட்டை விரல் நகத்தளவே உள்ள சிலிக்கான் வில்லையில் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இத்தனையும் ஓடுவது ஏறக்குறைய 1 வோல்ட்டில். கார்டு முழுக்க 115 வாட் எடுக்கிறது என்றால் சிப்புக்குள் மட்டும் சுமார் 80 ஆம்பியர் பாய வேண்டியிருக்கும். நம் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி பெரும்பாலும் 32 ஆம்பியர். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டம் அந்தச் சின்ன வில்லைக்குள் போய் வருகிறது. அதுவும் சீராகப் போவதில்லை. கேமில் ஒரு குண்டு வெடித்தால், எடிட்டிங்கில் ஓர் எஃபெக்ட் போட்டால், மில்லி செகண்டுகளுக்குள் தேவை எகிறி இறங்கும். இந்த எகிறலைச் சமாளிக்க வேண்டும் என்பதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், குறிப்பிட்ட திறனைப் போல இரண்டு மடங்கு சுமையைக் கண நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் முதலில் டிசியாக்குகிறது. அப்போது உச்சத்தில் 325 வோல்ட் இருக்கும். அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பி, மறுபக்கம் 12 வோல்ட்டாக எடுக்கிறது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்பார்மர் சிறுத்துவிடும். பழைய இரும்புத் தகட்டு டிரான்ஸ்பார்மரில் இதே வேலையைச் செய்தால் பல கிலோ எடை வந்துவிடும். இங்கே உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

மெக்கானிக் ஒருவர் எழுநூறு, எண்ணூறு ரூபாய் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் தரமான ஒன்றையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மலிவான பெட்டியின் போர்டில் பாகங்களின் பெயர் அச்சடித்திருந்தது, ஓட்டைகளும் இருந்தன, பாகங்கள் இல்லை. மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மின்னல், திடீர் வோல்டேஜ் ஏற்றம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு தன்னைப் பலி கொடுக்கும் நாணயம் போன்ற வேரிஸ்டர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பெரிய மின்தேக்கிகள் இரண்டும் 85 டிகிரிக்குத் தாங்கும் வகை. தரமான பெட்டியில் 105 டிகிரி வகை. மின்தேக்கியின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் பரவலாகக் கையாளும் கணக்கு. அப்படியானால், மற்ற விவரங்கள் ஒன்றாக இருக்கும் பட்சத்தில், அதே சூட்டில் 105 டிகிரி மின்தேக்கி சுமார் நாலு மடங்கு உழைக்கும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 38, 40 டிகிரி காயும் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. (நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.)

பிரிக்காமலே தரத்தைப் பார்க்க வழி உண்டு. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் '+12வி' என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 192 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தாலும் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கப்போவது அந்த 192 தான். நேர்மையான 450 வாட் பெட்டியில் அந்தக் கட்டத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். இது ஒன்றைப் பார்க்கத் தெரிந்தாலே பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். பெட்டிக்குப் பின்னால் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய காலத்து வடிவமைப்பு. குழந்தைகள் விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டால் ஆன் செய்த நொடியில் வெடித்துவிடும்.

12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறக் கூடாது. மலிவான பெட்டியில் கார்டு சுமை இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. "கேம் ஓப்பன் பண்ணினாலே ரீஸ்டார்ட் ஆகுது, கார்டு சரியில்ல" என்று நல்ல கார்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டு மேல் தப்பே இருக்காது.

80 பிளஸ் முத்திரை 2004-இல் தொடங்கியது. உள்ளே போகும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் பயனாக வெளியே வருகிறது என்பதற்கான சான்று அது. பிரான்ஸ் (வெண்கலம்) தரத்துப் பெட்டி பாதிச் சுமையில் 85 சதவீதம் தரும். முத்திரை இல்லாத ஒன்று 70 தந்தாலே பெரிது. இதை நம் கரண்ட் பில்லில் வைத்துப் பார்ப்போம். உள்ளே 250 வாட் தேவைப்படும் கம்ப்யூட்டர் தினம் 5 மணி நேரம் முழுச் சுமையில் 60 நாள் ஓடினால், பிரான்ஸ் பெட்டியில் சுமார் 88 யூனிட் ஆகும். 70 சதவீதப் பெட்டியில் 107 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் இலவச மின்சாரமே 100 யூனிட். வித்தியாசமான 19 யூனிட்டும் பெட்டிக்குள் வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூடு மின்தேக்கியைக் காய்ச்சுகிறது. வீணாவது பணம் மட்டுமில்லை, பெட்டியின் ஆயுளும்தான்.

எத்தனை வாட் வாங்குவது? ஐ5-12400எஃப் பிராசசர் உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 282. தரமான 450 வாட் பெட்டி தாராளமாகப் போதும். நாளை கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் 550. கார்டு நிறுவனங்கள் அட்டைப்பெட்டியில் 550, 600 என்று கூடுதலாகப் போடுவதற்குக் காரணம், வாங்குபவர் எந்தத் தரத்துப் பெட்டி வைத்திருப்பார் என்று அவர்களுக்குத் தெரியாததுதான். கடையில் "750 வாட், ஆயிரத்து இருநூறு ரூபாய்" என்று யாராவது நீட்டினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலாயிரத்தை ஒட்டிச் செலவழித்தால் ஐந்து வருட வாரண்டியோடு நல்ல பெட்டி கிடைக்கிறது. கார்டு மாறும், பிராசசர் மாறும், அந்தப் பெட்டி அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வரும்.

எந்தக் கார்டு யாருக்கு

முதலில், கார்டே தேவைப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இ-சேவை மையம், டைப்பிங், ஃப்ளெக்ஸ் டிசைன், ஆட்டோகேட் 2டி வரைபடம் ஆகியவற்றுக்குப் பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் போதும். பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் போடுங்கள். "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று குறைந்த விலைக்கு இன்னும் விற்கும் ஜிடி 710, ஜிடி 730 ஆகியவை பத்தாண்டு பழைய சரக்கு. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அவற்றைவிடப் பல மடங்கு வேகம்.

நம் ஊர்களில் அதிகம் புழங்குவது கம்பெனிகளில் கழித்துவிட்டு விற்பனைக்கு வரும் டெல், எச்பி கம்ப்யூட்டர்கள். விலை குறைவு, உழைப்பு நன்று. ஆனால் ஒல்லிக் கேபினெட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 180, 240 வாட் அளவுதான், அதன் இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம். கடையில் வாங்கும் வேறு பெட்டி பொருந்தாது. அதில் தனி ஒயர் கேட்காத கார்டைத்தான் போட முடியும். மதர்போர்டின் ஸ்லாட் மட்டுமே 75 வாட் வரை தரும். அந்த எல்லைக்குள் வருபவை ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, 53 வாட் ஆர்எக்ஸ் 6400, இன்டெல்லின் ஆர்க் ஏ380. இவற்றில் நான் கை காட்டுவது 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியை. ஆர்எக்ஸ் 6400 மதர்போர்டோடு நாலே வழித்தடங்களில் பேசுகிறது, பழைய கம்ப்யூட்டரில் அந்த வழியின் வேகமும் பாதியாகிவிடும். ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும், நாலாம், ஆறாம் தலைமுறைக் கம்பெனி கம்ப்யூட்டர்களில் அது இல்லை. ஜிடிஎக்ஸ் 1650-லும் சில மாடல்கள் 6 பின் ஒயர் கேட்கும், பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒல்லிக் கேபினெட்டுக்குப் பாதி உயரக் கார்டுதான் நுழையும்.

6 பின் ஒயர் இல்லாத பெட்டியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். சாட்டா ஒயரின் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியர் வரைக்குமே வடிவமைக்கப்பட்டது, அதாவது 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு நிலைமை எளிது. ஃபுல் எச்டியில் கேம் ஆட 132 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600 விலைக்கேற்ற கார்டு. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060, அல்லது 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050, 5060. கேமும் வேலையும் சேர்ந்து வேண்டுமென்றால் 8 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். 4 ஜிபி கார்டுகளின் காலம் முடிந்துவிட்டது. பிளெண்டர், செயற்கை நுண்ணறிவு என்று இறங்கும் மாணவருக்கு 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பழையதானாலும் கை கொடுக்கும். அதுவும் கைக்கு எட்டவில்லையா? கூகுள் கோலாப் இலவசமாகவே ஒரு கிராபிக்ஸ் சிப்பை இரவல் தருகிறது. ஒரு வருடம் அதில் கற்றுக்கொண்டு பிறகு வாங்கினால் நஷ்டமில்லை. விலையைப் பொறுத்தவரை, 2025 இறுதியில் இருந்து மெமரி சிப்புகளை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் ரேமும் கார்டும் ஏறுமுகமாக இருக்கின்றன. போன மாத விலையை வைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

ஸ்டூடியோக்காரர்களின் தேவை தனி. இன்றைய கேமராக்கள் பலவற்றில் 10 பிட் 4:2:2 என்ற வகையில் எச்இவிசி வீடியோ பதிவாகிறது. டைம்லைனில் அது தடுக்கித் தடுக்கி ஓடுவதைப் பார்த்து, கார்டு போதவில்லை என்று நினைத்துப் பெரிய கார்டாக மாற்றுகிறார்கள். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டாலும் அந்த வகை வீடியோவை வன்பொருளில் விரிக்க (டிகோட் செய்ய) முடியாது. முப்பதாயிரம் போட்டு 4060 வாங்கினாலும் தடுக்கல் அப்படியே இருக்கும். ஆனால் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸ் அதைச் சுலபமாக விரிக்கும். எடியஸ் எடிட்டிங் சாஃப்ட்வேரும் நெடுநாளாக அந்த உள் கிராபிக்ஸின் குயிக் சிங்க் வசதியைப் பயன்படுத்திக்கொள்வதுதான். எனவே சில நூறு ரூபாய் மிச்சம் என்று 12400எஃப் வாங்காதீர்கள். பெயரில் அந்த 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. 12400 வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி கார்டுகளில் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் என்கோடரே இல்லை என்பதையும் ஸ்டூடியோக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர் கரண்ட்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை. கிராமத்து லைனில் டிரான்ஸ்பார்மருக்கு வெகு தூரத்தில் இருப்பவர்கள், மோட்டார் ஓடும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் விதி எவ்வளவு மீறப்படுகிறது என்பது தெரியும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், 'ஆக்டிவ் பிஎஃப்சி' உள்ள எஸ்எம்பிஎஸ் 170-க்கு இறங்கினாலும் அசராது. குறைந்த வோல்டேஜுக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். அதற்கென்று தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை.

நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. மழைக்காற்றில் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் போய்விட்டால், தெருவின் வீடுகள் இரண்டு பேஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு 400 வோல்ட் வரை ஏறும். எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்குத் தப்பாது. அடிக்கடி இப்படி நடக்கும் தெருவில் இருப்பவர்கள் மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்றைப் போட்டுவிடலாம். ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்தே தப்பிக்கும்.

"யுபிஎஸ் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா சிஸ்டம் ஆஃப் ஆகிடுது" என்பது இன்னொரு புலம்பல். யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லி செகண்ட் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் மின்தேக்கியில் உள்ளதைக் கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். ஏடிஎக்ஸ் தரப்படி குறைந்தது 16 மில்லி செகண்ட். சின்ன மின்தேக்கி வைத்த மலிவுப் பெட்டி அதற்குள் மூச்சை விட்டுவிடுகிறது. யுபிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை, பெட்டியை மாற்ற வேண்டும். அதே சமயம் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் அளவுதான். கரண்ட் போனதும் கேமை நிறுத்தி, வேலையை சேவ் செய்து அணைக்க அது போதும், தொடர்ந்து ஆட அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதிலுள்ள சுவிட்சை 'யுபிஎஸ்' நிலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாறும் நேரம் அதிகமாகும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டிகள் சில முரண்டு பிடிக்கும். புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக வாங்குவது நல்லது.

இனி எர்த். கேபினெட்டின் பின்பக்க இரும்பில் புறங்கை பட்டதும் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு மின்தேக்கிகள் கேபினெட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் ஒயர் வேலை செய்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் முழுவதும் 230-இல் பாதியாக, 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகும் நொடியில் அந்த மின்னழுத்தம் கார்டின் முனை வழியாக இறங்கி, போர்ட்டையே பழுதாக்கிவிடக்கூடும். சுர்ரென்ற அந்த இழுப்பு, மாதக்கணக்காக உங்களுக்குக் கிடைத்துவரும் எச்சரிக்கை.

பாறை நிலத்திலும் காய்ந்த மண்ணிலும் எர்த் சீக்கிரம் பலமிழக்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வீடுகளில் இருந்தது, பல இடங்களில் குழி எங்கே என்பதே மறந்துவிட்டது. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லது. சிலர் வேலையைச் சுருக்க சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு ஒயரால் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது மீட்டர் பூஜ்யம் காட்டும், ஆனால் நியூட்ரல் அறுந்த நாளில் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். அது ஆளைக் கொல்லும். சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

அரியலூர்ப் பக்கம் தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் தூசியும் ஒரு மின் பிரச்சினை. கிரிட்டேசியஸ் காலத்துக் கடலின் அடியில், அன்று வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சேறும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு லாரியிலிருந்து பறந்து கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வந்து அமர்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத் தூசியும் பருத்திப் பஞ்சும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழைக்கால ஈரம் சேர்ந்தால் சிமென்ட் கலந்த தூசி தகட்டோடு இறுகிவிடும், பிறகு பிரஷ்ஷுக்கும் வராது. அறையின் சூடு 25-லிருந்து 40 ஆனால் சிப்பின் சூடும் அதே 15 டிகிரி ஏறும் என்பது பொதுவான கணக்கு. அடைத்த தகடு அதற்கு மேல் இன்னும் ஏற்றும். கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கேம் திணறும்.

இதற்காகக் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது தூசியை நேராக உள்ளே ஊட்டும் வேலை. கதவை மூடுங்கள். முன்பக்கம் மெல்லிய வலை போட்டு, உள்ளே காற்று இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிட அதிகமாக இருக்கும்படி அமையுங்கள். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே நுழையாது. கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியில் எடுத்துப் போய் புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவதில் தப்பில்லை. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டு வைத்துத் தோண்டும் வேலையை நிறுத்தியதும், ராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவற்றின் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபேனும் தெர்மல் பேஸ்டும்தான் தேய்ந்திருக்கும். பயப்பட வேண்டியது போலிகளைப் பார்த்து. 2010 காலத்துப் பழைய சிப்பில் பெயரை மாற்றிப் பதிந்து 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று விற்கிறார்கள். அசல் 1050 டிஐயின் சிப்பில் பழைய நீல நிற விஜிஏ போர்ட்டுக்கான இணைப்பே கிடையாது. கார்டில் அது இருந்தால் வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போலியைக் கண்டால் எழுதியே காட்டிவிடும். அசலாகவே கிடைத்தாலும் 1050 டிஐ இப்போது வேண்டாம். அந்தத் தலைமுறைக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

அரியலூர்க்காரர்கள் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். ரயில் இல்லாத பெரம்பலூர்க்காரர்களுக்குப் பஸ்ஸில் திருச்சி பக்கம். எங்கே வாங்கினாலும் "பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். கார்டுக்கு மூன்று வருடம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் வாரண்டி உண்டு. கார்டின் சீரியல் நம்பரும் எஸ்எம்பிஎஸ்ஸின் சீரியல் நம்பரும் பில்லில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே சரிபாருங்கள். வெயிலில் பில்லின் மை மங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் அதைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.